வாசகசாலையில் வைத்த ஒப்பாரி

ஏற்காட்டு வாசகசாலையைப் பற்றி யாராவது பெருமையாகப் பேச ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வந்துவிடும். "அந்தக் காலத்திலேயே எஸ்டேட் பெண்களுக்கு அங்கே வகுப்பெல்லாம் நடந்ததாமே!" என்பார்கள். நடந்தது. நடத்தினவளே நான்தான். ஆனா ஆவன்னாவும் சொல்லிக்கொடுத்தேன், ஓரம் மடித்துத் தைக்கவும் சொல்லிக்கொடுத்தேன். அங்கே நடந்த ஆண்டு விழாவையும் கேட்டுவிட்டுப் போங்கள் என்று உட்காரவைத்துச் சொல்லுவேன். கேட்டவர்கள் அப்புறம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

யுத்தத்துக்கு முந்தின வருஷங்கள் அவை. என் வீட்டுக்காரர் ஒரு வெள்ளைக்காரத் துரையின் காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். நான் சேலத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், இங்கிலீஷ் பேச வரும். மலையேறி வந்த புதிதில், இந்தப் பனியிலும் அட்டைக்கடியிலும் அந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இருந்தது. அது எப்படியோ துரைசாணியின் காதுக்கு எட்டிவிட்டது. ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். வாசகசாலையில் பின் அறையை ஒழித்துத் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லயன் பெண்களுக்கு நீ வகுப்பு நடத்து, நான் சொல்வதை அவர்களுக்குச் சொல்லு, அவர்கள் சொல்வதை எனக்குச் சொல்லு என்றார். லயன் என்றால் கூலிக்காரர்களுக்காக எஸ்டேட்டுக்குள் வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை வீடுகள்.

துரைசாணி கெட்டவர் அல்ல. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்ல எனக்கு மனசு வராது.

வாசகசாலை ஏரிக்குப் போகிற வழியில் இருந்தது. ஓட்டுக் கட்டடம். முன் அறையில் துரைமார்களுக்கான இங்கிலீஷ் புத்தகங்கள், சாய்வு நாற்காலிகள், சுவரில் மாட்டிய மான் தலை. எங்கள் அறைக்குப் பின்பக்கக் கதவு வழியாகத்தான் வர வேண்டும். எழுத்து மேல் ஆசைப்பட்டுப் பெண்கள் வந்தார்கள் என்று சொன்னால் அது பொய். அந்த அறையில் கணப்பு இருந்தது. கொதிக்கக் கொதிக்க டீத்தண்ணி கிடைத்தது. வாரம் முழுக்க ஈரத்தில் நின்று காப்பிப் பழம் பறித்து விறைத்துப்போன கைகளை நெருப்பில் காட்டி உட்காருவார்கள். விரல் கொஞ்சம் இளகின பிறகுதான் சிலேட்டுக்குச்சியையே பிடிக்க முடியும். நானும் அதுவரைக்கும் அவசரப்படுத்த மாட்டேன்.

அவர்களில் ஒருத்தியை எல்லோரும் பாட்டுக்காரி என்பார்கள். என் வயதுதான் இருக்கும். மஞ்சக்குட்டை வரைக்கும் எங்கே சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு முதல் குரல் எடுக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். சாதாரணமாகப் பேசினால் மாட்டை அதட்டுகிற மாதிரி இருக்கும். பாட எடுத்தால் அது வேறு குரல். தையலில் மட்டும் சுத்த மோசம். ஊசியில் நூல் கோக்கக் கடைசிவரை அவளுக்கு வரவில்லை. நான் கோத்துக் கொடுத்தால், "கண்ணு நொம்ப மோசமுங்க ரைட்டரம்மா" என்று சிரிப்பாள். கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது, தூரத்தில் வேலை வாங்குகிற மேஸ்திரி வருவதை அவள்தான் முதலில் பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளக்கடையில் தாயைப் பறிகொடுத்த ஒரு இளம்பெண், காரியமெல்லாம் முடிந்து முதல் தடவையாக வகுப்புக்கு வந்தாள். சாவு கண்டவளை அதற்குப் பிறகு முதன்முதலில் எங்கே பார்த்தாலும் அங்கேயே உட்கார்ந்து அவளோடு அழ வேண்டும் என்பது அவர்கள் முறை. சந்தையானாலும் சரி, காப்பிக் காடானாலும் சரி. பார்த்தும் அழாமல் போனால் அவளை ஒதுக்கிவிட்டதாக அர்த்தம். ஊசியையும் சிலேட்டையும் ஓரமாக வைத்துவிட்டு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, தலைகளை நடுவில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்கள். பாட்டுக்காரி எடுத்துக் கொடுத்தாள்.

மலையேறி வந்த என்ன – ஆத்தா
மடி தேடி வந்த என்ன
பனி மூடிப் போச்சுதுன்னு – ஆத்தா
பாதி வழி விட்டதென்ன

முன் அறையில் இருந்த துரைசாணி சத்தம் கேட்டு ஓடி வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அசையாமல் நின்றார். கண் கலங்கியிருந்தது. வேஷமில்லை, நிஜமாகவே கலங்கியிருந்தது. அவர்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதை இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்? ஆண்டு விழாவில் இதைத்தான் செய்ய வேண்டும். இதே வட்டம், இதே பாட்டு."

"இது செத்தவர்களுக்காகப் பாடுவது, மேடம். மேடையில் பாட மாட்டார்கள்."

"எங்கள் ஊரிலும் நல்ல பாட்டெல்லாம் சோகப் பாட்டுதான்."

நான் மறுபடியும் விளக்கினேன். மறுபடியும் தலையாட்டினார். ஒன்றும் புரியாதவருக்கு எடுத்துச் சொல்லலாம். எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறவருக்கு என்னத்தைச் சொல்வது?

பெண்களிடம் வந்து சொன்னதும் ஆளுக்கு ஆள் கத்தினார்கள். "ஏனுங்க ரைட்டரம்மா, பொணமில்லாத எடத்துல ஒப்பாரி வெப்பாங்களா? யாரு ஊட்டுல சாவு வரோணுமுன்னு இந்தக் கூத்து?" கும்மி அடிக்கிறோம், நடவுப் பாட்டுப் பாடுகிறோம் என்றார்கள். துரைசாணிக்கு அதெல்லாம் வேண்டாம். கடைசியில் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வெள்ளக்கடைப் பெண்ணின் தாய்தான் செத்துப்போயிருக்கிறாளே, அவளுக்கே இன்னொரு தடவை அழுததாக இருக்கட்டும், அப்படியானால் யார் வீட்டையும் தொடாது. நானும் அப்பாடா என்று விட்டேன்.

ஆனால் துரைசாணி விடவில்லை. பாட்டுக்காரிக்குத் தெரிந்ததெல்லாம் கேட்க வேண்டும் என்றார். அவள் வேண்டாவெறுப்பாக இரண்டு மூன்று துண்டுகள் பாடிக் காட்டினாள். அதில் ஒன்று, புருஷனுக்குப் பெண்டாட்டி பாடுவது. குரல் அதில் மேலே மேலே ஏறும். "இது! இதுதான்!" என்று துரைசாணி எழுந்தே நின்றுவிட்டார். தாயின் பாட்டு போய் புருஷன் பாட்டு வந்தது. போன வருஷம் லயனில் ஒருவன் செத்தானே, அவனை நினைத்துப் பாடிவிடுகிறேன் என்று பாட்டுக்காரி சமாதானம் சொன்னாள். முகம் சரியில்லை, ஆனாலும் ஒப்புக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் அவள் புருஷன் படுத்தான்.

அவன் கவாத்து வேலைக்காரன், காப்பிச் செடியின் கிளைகளை வெட்டி ஒழுங்கு செய்கிறவன். பேச்சே கிடையாது. பெண்டாட்டி பேசும்போது பக்கத்தில் நின்று தலையாட்டுவான், அவ்வளவுதான். குளிர் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, பிறகு விடாமலே நின்றுவிட்டது. வயிற்றில் கட்டி மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. கண் மஞ்சளாகப் போயிற்று. எஸ்டேட் கம்பவுண்டர் கசப்பு மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டு, சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைப்பான், இங்கேயே வைத்திருந்தால் நான் பொறுப்பில்லை என்று கையை விரித்துவிட்டார்.

கொண்டுபோவது எப்படி? பஸ்ஸில் ஏற்றப் பார்த்தார்கள். வாந்தி எடுக்கிற ஆளை ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் விரட்டிவிட்டான். மலையில் காலங்காலமாக இருக்கிற வழி டோலி. மூங்கிலில் கம்பளியைக் கட்டி, ஆளை அதில் போட்டு, நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். பழம் பறிப்பு மும்முரமாக இருந்த நேரம். துரை நான்கு ஆண்களை வேலையிலிருந்து விட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த வாரம்தான் ஒத்திகைக்காகப் பத்துப் பன்னிரண்டு பெண்களை அரை நாள் அரை நாளாக விட்டிருந்தார்கள். ஒப்பாரி பழகுவதற்கு லீவு உண்டு. உயிரோடு இருப்பவனைத் தூக்கிக்கொண்டு போக லீவு இல்லை. இதை நான் வீட்டில் சொல்லிக் கத்தினேன். "மெதுவா பேசு" என்றார் என் வீட்டுக்காரர்.

மிச்சமிருந்தது துரைசாணியின் கார். ஒத்திகை முடிந்ததும் பாட்டுக்காரியை அழைத்துக்கொண்டு முன் அறைக்குப் போனேன். அவள் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். நான் இரண்டு விஷயம் கேட்டேன். இவள் புருஷனைக் கீழே அனுப்பக் கார் வேண்டும். அவன் இப்படிக் கிடக்கும்போது புருஷன் ஒப்பாரியை இவள் வாயால் பாட வைக்கக் கூடாது, தாய்ப் பாட்டையே பாடட்டும்.

"பாவம்! கட்டாயம் கார் தருகிறேன்" என்றார் துரைசாணி. "நாளைக்கும் சனிக்கிழமையும் அதற்கு ஓய்வே இல்லை. விருந்தாளிகளை ஏற்றி வர வேண்டும், பூந்தொட்டிகள் ஏற்ற வேண்டும். சனிக்கிழமை விழா முடிந்த கையோடு அவனை ஏற்றிக்கொண்டு போகட்டும். டிரைவரிடம் நானே சொல்கிறேன்." பாட்டை மாற்றுவதற்கு மட்டும் சிரித்துவிட்டார். "கேட்கப் போகிறவர்கள் யாருக்கும் தமிழ் தெரியாது. எந்த வரியாக இருந்தால் என்ன?"

வெளியே வந்து பாட்டுக்காரியிடம் அப்படியே சொன்னேன். கூட இருந்த பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். தாலி கழுத்தில் இருக்கும்போது இந்தப் பாட்டா, அவன் பாயில் கிடக்கும்போதா, பாடாதே என்று அவளைச் சுற்றிக்கொண்டார்கள். நான்கூட, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம், பாடாவிட்டால் கார் கிடையாது என்று துரைசாணி சொல்லவே இல்லையே என்றேன்.

"அவுங்க சொல்லோணுமுங்களா ரைட்டரம்மா?" என்றாள் பாட்டுக்காரி. பிறகு மற்றவர்களைப் பார்த்தாள். "பாடுனா சாவுன்னு நீங்க சொல்றீங்க. பாடாட்டி காரு இல்ல. காரு இல்லாட்டியும் சாவுதான். அப்பறம் என்னத்த ரோசன பண்றது?"



சனிக்கிழமை வாசகசாலை பார்க்க அழகாகத்தான் இருந்தது. எங்கள் பெண்கள் தைத்த மேஜை விரிப்புகளைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தோம். வேறு எஸ்டேட் துரைமார்கள், துரைசாணிகள், கீழே சேலத்திலிருந்து வந்த ஒரு பெரிய அதிகாரி, எல்லோரும் நாற்காலிகளில். தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் நான்கைந்து பேர், பின் வரிசையில். ஜன்னலுக்கு வெளியே லயனே திரண்டு நின்றது. யாருக்கும் தமிழ் தெரியாது என்று துரைசாணி சொன்னபோது ஜன்னலை மறந்துவிட்டார்.

மேடை ஏறுவதற்கு முன் பாட்டுக்காரி என் பக்கம் முதுகைக் காட்டி நின்று தாலிக்கயிற்றைச் சுற்றி முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டாள். பாட்டு நேராக அதன்மேல் படக் கூடாதாம். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். கயிற்றின் முடிச்சு வெளியே தெரியாமல் நான் சரிசெய்து விட்டேன். வட்டத்தில் உட்கார்ந்த பெண்கள் அவள் தோளில் கை போட்டார்கள். ஆனால் வாயை மட்டும் அசைத்தார்கள், ஒருத்தி தொண்டையிலிருந்தும் சத்தம் வரவில்லை. அவள் குரல் மட்டும்தான் அந்த அறையில் இருந்தது.

கவாத்து வெட்டும் கையிரண்டும் – எஞ்சாமி
கட்டிக் கெடக்குதய்யா
கஞ்சி ஆறிப் போகுதய்யா – எஞ்சாமி
கண்ணத் தொறங்கய்யா

 போன வருஷம் செத்தவன் கவாத்துக்காரன் அல்ல, பழ மூட்டை சுமக்கிறவன். ஒத்திகையில் அவனுக்காகப் பாடும்போது கவாத்து என்கிற இடத்தில் வேறு சொல் இருந்தது. வாய் அவளை அறியாமல் தன் புருஷனைச் சொல்லிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே இருந்தவர்கள் அதைக் கேட்டார்கள். ஒரு கிழவர், சாவு வீட்டில் செய்வதுபோல, தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டதைப் பார்த்தேன்.

முடிந்ததும் கைதட்டினார்கள். அப்படி ஒரு கைதட்டல். ஒப்பாரிக்குக் கை தட்டி அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. சேலத்து அதிகாரி எழுந்து நின்று, "ஒன்ஸ் மோர்!" என்றார். துரைசாணிக்குப் பூரிப்பு தாங்கவில்லை, மேடையைப் பார்த்து விரலைச் சுழற்றிக் காட்டினார். பாட்டுக்காரி என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை பாடச் சொல்கிறார்கள்" என்றேன்.

"இன்னொருக்காவா?" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு அதே பாட்டை முதலிலிருந்து பாடினாள்.

விழா முடியும்போது பனி இறங்கிவிட்டது. அதிகாரியின் கார் குளிரில் கிளம்பவே மாட்டேன் என்றது. அவரைத் துரைசாணியின் காரில் ஏற்றிக் கீழே அனுப்பினார்கள். லயனில் பாட்டுக்காரியின் புருஷனுக்கு வேட்டி மாற்றி, கம்பளி சுற்றித் தயாராக உட்காரவைத்திருந்தார்கள். நான் துரைசாணியிடம் ஓடினேன். "ஐயையோ, மறந்தே போய்விட்டேன்" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "காலையில் முதல் வேலையாக அவன்தான். சத்தியமாக." காலையில் கார் வரவில்லை. பனியில் மலை ஏறக் கூடாது என்று டிரைவர் சேலத்திலேயே தங்கிவிட்டான். உச்சிப்பொழுதுக்குத்தான் வந்தான்.

நான்தான் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். அவனைத் தூக்கிவைத்தார்கள். பெண்டாட்டி மடியில் தலை. என்னைப் பார்த்து, பழைய வழக்கத்தில், தலையை மட்டும் ஆட்டினான். பாட்டுக்காரி முகத்தில் சந்தோஷம்கூட இருந்தது. "கார்ல போறமுங்க ரைட்டரம்மா" என்றாள்.

மலைப்பாதை வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை. அவன் மூச்சு நின்றுவிட்டது. டிரைவர் காரை நிறுத்தினான். துரையின் காரில் பிணத்தை ஏற்றி வந்ததாகத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று அவனுக்கு நடுக்கம். அவனும் அவளுமாகத் தூக்கி, சாலையோரக் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் படுக்கவைத்தார்கள். "ஆளுங்கள அனுப்பறேனுங்க" என்று சொல்லிவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு மேலே வந்துவிட்டான். அந்த வளைவில் அவள் தனியாகப் பிணத்தோடு உட்கார்ந்திருந்தாள். அன்று சாயங்காலம் துரையின் பங்களாவில் காரைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்ததை நானே பார்த்தேன்.

சேதி வந்ததும் மேஸ்திரி நான்கு ஆண்களை டோலியோடு அனுப்பினார். யாரிடமும் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. சாவென்றால் ஆளை விட வேண்டும் என்பது எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். எந்த நான்கு பேரைக் காய்ச்சலுக்கு விடவில்லையோ, அந்த நான்கு பேர்தான் போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டபோது நான் அழவில்லை. எனக்குக் கோபத்தில் பல் கிட்டித்துவிட்டது.

வெளியே செத்தவனை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். பொழுது சாயும் நேரத்தில் லயன் வாசலில் பாய் போட்டுக் கிடத்தினார்கள். ஆண்கள் விறகுக்குப் போய்விட்டார்கள். பாட்டுக்காரி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் எல்லோரும் சுவரோரமாக நின்றார்கள். ஒருத்தியும் பக்கத்தில் வரவில்லை, உட்காரவில்லை, அவள் தோளில் கை போடவில்லை.

"ஏன் நிக்கிறீங்க? போய்க் கட்டிக்கிட்டு அழுங்க" என்றேன்.

"என்னத்தயுங்க அழுவறது? அவதான் மேடையில ரெண்டுக்கா பாடி அனுப்பி வெச்சுட்டாளே" என்றாள் ஒருத்தி.

"பாட்டாலயா செத்தான்? கார் ஒரு நாள் பிந்தி வந்ததால செத்தான். அதுக்கு முன்னாடியே நாலு ஆளை விட்டிருந்தா பொழைச்சிருப்பான்."

அவள் பங்களா இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "அதயெல்லாம் நாங்க சொல்ல முடியுமுங்களா?" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பங்களாவின் மேல் போட முடியாத பழியை எங்காவது இறக்கிவைக்க வேண்டும். இறக்கிவைக்க அவர்களுக்குக் கிடைத்தவள் இவள்தான். அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் ஆத்திரம் குறையவில்லை.

நான் போய் அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். ரைட்டர் பெண்டாட்டி லயனில் உட்காருகிற வழக்கமில்லை. தோளில் கை போட்டேன். தலையை அவள் தலையோடு சேர்த்தேன். அவள் அழவில்லை, கட்டையாக இருந்தாள். எத்தனையோ பேர் வீட்டுச் சாவுக்கு முதல் குரல் எடுத்தவள், தன் புருஷனுக்கு வாய் திறக்காமல் இருந்தாள். எனக்கு ஒப்பாரி வைக்கத் தெரியாது. எங்கள் வீடுகளில் வாயைப் பொத்திக்கொண்டு அழுவதுதான் வழக்கம். எனக்குத் தெரிந்த ஒரே ஒப்பாரி வாசகசாலையில் ஒத்திகைக்கு ஒத்திகை கேட்ட அந்தப் பாட்டுதான். அதையே எடுத்தேன். குரல் உடைந்தது, ராகம் தப்பிற்று. கண்ணத் தொறங்கய்யா என்கிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். துரைசாணியின் மேடையில் அதோடு முடிந்துவிடும்.

"அந்த எடத்துல நிறுத்தாதீங்க ரைட்டரம்மா" என்றாள் பாட்டுக்காரி, கரகரப்பாக. "அதுக்கு மேலதானுங்க பொம்பளைகளக் கூப்படறது. பொணமில்லாத எடத்துல கூப்படக் கூடாதுன்னு அங்க நாங்க விட்டுட்டமுங்க."

அந்த அடியை நான் அதுவரை கேட்டதே இல்லை. செத்தவனின் பெண்டாட்டி, சுற்றி நிற்கிற பெண்களை ஒவ்வொருவராக உறவுமுறை சொல்லித் தன்னோடு அழ அழைக்கிற அடி. அவள் தலையை நிமிர்த்திச் சுவரோரம் நின்றவர்களைப் பார்த்துப் பாடினாள்.

பெத்த பொறப்பில்லாம – எங்கக்கா
பேச ஒரு நாதியில்ல
கட்டிப் புடிச்சழுவ – எந்தங்கச்சி
கை ரெண்டு தாருங்களே

அக்கா என்று ஒருத்தியை, தங்கச்சி என்று ஒருத்தியை, அண்ணி முறைக்கு நங்கை என்று, சின்னாத்தா என்று, அங்கே நின்ற எல்லோரையும் முறை சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லோர் கண்ணிலும் தண்ணீர் ஓடியது. வெள்ளக்கடைப் பெண் ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தாள். அவள் மாமியார் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டாள். மற்றவர்கள் அந்த அளவுக்கும் அசையவில்லை. கூப்பிடுகிற முறையெல்லாம் தீர்ந்து பாட்டு முடிந்தது. யாராவது வருகிறார்களா என்று பாட்டுக்காரி பார்த்தாள். பிறகு என் தோளை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, முதல் அக்காவிலிருந்து மறுபடியும் கூப்பிட ஆரம்பித்தாள்.